முந்தாத துணை

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று உள்ளது. வெண்கோல் ஏந்திச் சாலையோரம் நிற்கும் ஒருவரைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? விரைந்து சென்று அவர் கையைப் பற்றி மறுபுறம் அழைத்துச் செல்கிறோம். நற்செயல் புரிந்த நிறைவோடு திரும்புகிறோம். அவர் சாலையைக் கடக்க நின்றாரா, பேருந்துக்காக நின்றாரா என்று கேட்டோமா? முறை அறிந்தோர் அவர் கையைப் பற்றுவதில்லை. தம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளத் தருகின்றனர். பிடிப்பதும் விடுவதும் அப்போது அவர் விருப்பமாகிறது.

உதவி எங்கே முடிகிறது? ஆதிக்கம் எங்கே தொடங்குகிறது? இவ்வினாவை எண்ணும்போது ஓட்டப்பந்தய விதி ஒன்று நம் நினைவுக்கு வருகிறது.

பாராலிம்பிக் விளையாட்டில் பார்வையற்ற வீரர் வழித்துணையாளர் ஒருவரோடு இணைந்து ஓடுகிறார். இருவர் கைகளையும் சிறு கயிறு ஒன்று இணைக்கிறது. துணையாளர் வீரரை இழுக்கலாகாது, தள்ளலாகாது, எல்லைக்கோட்டை அவருக்கு முன்பாகக் கடக்கவும் கூடாது. 2024-இல் பாரிசில் நம் நாட்டின் சிம்ரன் சர்மா 200 மீட்டரை 24.75 விநாடிகளில் ஓடி வெண்கலம் வென்றபோது, அபய் சிங் அவ்வாறே உடன் ஓடினார். வேகம் குறைந்தவர் துணையாக இருக்க முடியாது. முந்த விரும்புகிறவரும் இருக்க முடியாது.

பயிற்சியாளரின் பணி முழுமைக்கும் இவ்விதியே இலக்கணம் என்று நாம் கருதுகிறோம். அவருக்கு இரு சோதனைகள் உண்டு.

முதலாவது, எதையும் எதிர்பாராத இரக்கம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய சிறுவன் மாரியப்பனை, 'பாவம், உட்கார்ந்திரு' என்று சொல்லியிருக்கலாம். அவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரோ உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில், உடற்குறையற்ற மாணவரோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார் மாரியப்பன். பின்னர் சத்தியநாராயணாவின் பயிற்சியில், 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலக்கை நரம்பு பாதிக்கப்பட்ட நம் திருவள்ளூரின் மனிஷா ராமதாசும் 2024-இல் பாரிசில் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். 'உன்னால் இயலும், ஆகவே செய்' என்று ஒருவரிடம் கேட்பதும் அன்புதான்.

இரண்டாவது சோதனை, பிறர் வெற்றியைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை. 2000-இல் சிட்னியில், அறிவுத்திறன் குறையுடையோர்க்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. பன்னிருவருள் பதின்மருக்கு அக்குறை இல்லை என்பது பின்னர் வெளியானது. பதக்கம் பறிபோனது, ஆனால் தண்டனையை உண்மையில் சுமந்தவர் யார்? அறிவுத்திறன் குறையுடைய வீரர்கள் 2012-இல் இலண்டன் போட்டி வரும்வரை வெளியே நின்றனர். அவர்களுக்கு முன்பாக எல்லைக்கோட்டைக் கடக்க விரும்பியவர்களின் பிழைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் இவ்விரு சோதனைகளும் கூடவே வருகின்றன. விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரை விட்டுவிட்டு, 'இவர் எங்கே போகிறார்?' என்று அருகில் நிற்பவரைக் கேட்பவர் உண்டு. விடை சொல்லிவிடுவது எளிது. வரிசையும் விரைவில் நகரும். நல்ல பயிற்சியாளர் வாய் திறவாமல் வீரரைப் பார்க்கிறார். கேள்வி உரியவரிடம் திரும்புகிறது. பல்லாயிரம் கல் தொலைவில் களத்தில் தனியே நிற்கப்போகிறவர் அங்கேயே தம் குரலைப் பழகிக்கொள்கிறார்.

நம் ஆண்டவரும் இவ்வழியையே காட்டினார். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம், நலம் பெற விரும்புகிறாயா என்று முதலில் கேட்டார். பார்வையற்ற பர்த்திமேயுவிடம், தான் என்ன செய்யவேண்டும் என விரும்புகிறாய் என்று வினவினார். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்டார்? அம்மனிதரின் விருப்பத்தை மதித்ததால் அன்றோ!

எனினும் விதி அறிந்ததனால் மட்டும் அன்பு நிறைவுறுவதில்லை. 2024-இல் பாரிஸ் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்பாக, தசைப்பிடிப்பால் அவருடைய வழித்துணையாளர் தடுமாறினார். எலெனா ஒரு கணம் கயிற்றை விட்டு அவரைத் தாங்கினார். கயிற்றை விட்டதால் தகுதியிழந்தார். வெண்கலம் அன்று கைநழுவியது. அக்கணத்தில் துணை யார், துணை பெற்றவர் யார்? இருவரும் ஒருவரையொருவர் தாங்கும் மனிதராகவே நின்றனர். உதவி பெறுபவர் உதவவும் வல்லவர் என்பதை மறந்துதான் நாம் பலமுறை கைநீட்டுகிறோம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் பங்கு ஆலயங்களில், பார்வையற்றவரைக் கைப்பிடித்து முன்வரிசையில் அமர்த்துகிறோம். பிரெய்லில் வாசகத்தைத் தந்து, வாசிக்க விருப்பமா என்று அவரைக் கேட்டோமா? அடுத்த ஞாயிறு கேட்போம். அவர் வாசிப்பு மேடைக்குச் செல்ல நம் முழங்கையைத் தருவோம். மேடையை அடைந்ததும், ஓரடி பின்னே நிற்போம்.