அண்டை வீட்டார் யார்?

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்ப அறிவுறுத்தியதால், அவர்களைச் சொத்துக்கே வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும்படி ஆயிற்று என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். நாற்பது வீடுகள் வரை அண்டை வீடே என்று மார்க்க அறிஞர் சிலர் எல்லையும் வகுத்தனர். நம் வீட்டுக் கழிவுநீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் பாயுமானால் அது குற்றமென நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், நம் அடுப்பின் புகை பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் ஒருவரின் வீட்டை அழிக்கக் கூடுமாயின், அவரும் நம் அண்டை வீட்டார்தாமோ? இக்கேள்வி கற்பனையன்று. அண்மையில் ஒரு நீதிமன்றமே இதை எடுத்து விசாரித்தது.

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் 'வெண்மலைத் தொடர்' என்னும் பொருள்படும் கோர்தியேரா பிளாங்கா மலைகள் உள்ளன. வெப்ப மண்டலத்தில் அமைந்தும் ஆண்டு முழுதும் பனி மூடிக் கிடப்பவை அவை. உலகின் வெப்ப மண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பெரு நாட்டிலேயே இருக்கின்றன. பனியாறு என்பது உறைந்து கிடக்கும் வெறும் பனிக்கட்டியன்று. மேலே பெய்யும் பனி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காய் இறுகி, தன் எடையாலேயே கீழ்நோக்கி மெல்ல நகர்ந்து, அடிவாரத்தில் உருகி நீராகிறது. மேலே வரவு, கீழே செலவு. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரை மலை ஒரு பொக்கிஷ அறை போன்றது. மழைக்காலத்துச் செல்வத்தைச் சேமித்து, வறட்சிக் காலத்தில் ஆற்றுக்கு அளந்து கொடுக்கும். காற்று வெப்பமாகுங்கால் செலவு வரவை விஞ்சுகிறது. 1962ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் பெருவின் பனியாறுகள் தம் பரப்பில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டன.

இவ்விழப்பில் ஒரு வஞ்சகம் உண்டு. உருகத் தொடங்கியதும் ஆற்றில் நீர் கூடுகிறது. முதலைத் தின்பவன் சில காலம் செல்வந்தனாய்த் தோன்றுவது போலத்தான் இதுவும். பிறகு ஓர் உச்சத்தைக் கடந்து ஆண்டுக்காண்டு குறைந்துபோகிறது. வெண்மலைத் தொடரின் நீரைக் கொண்டு செல்லும் சாந்தா ஆற்றின் கிளைகளிற் பெரும்பாலானவை இந்த உச்சத்தை ஏற்கெனவே கடந்துவிட்டன என்று 2012இல் ஆய்வாளர் கண்டனர்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பனி பின்வாங்கிய பள்ளங்களில் ஏரிகள் பெருகுகின்றன. மண்ணும் கல்லும் குவிந்த இளகிய கரையே அவற்றைத் தாங்கி நிற்பது. 1941 டிசம்பர் 13 அன்று, 4,500 மீட்டர் உயரத்திற்கு மேலுள்ள பால்காகோச்சா ஏரி அவ்வாறு உடைந்தது. அடிவாரத்து உவாராஸ் நகரின் ஒரு பெரும் பகுதியை வெள்ளம் வாரிச் சென்றது. இறந்தோர் குறைந்தது 1,800 பேர். உடைந்து சுருங்கிய அதே ஏரி, பனி உருகி மீண்டும் நிறைந்து, 2009இல் ஒரு கோடியே எழுபது லட்சம் கன மீட்டர் நீரைத் தாங்கி நின்றது.

அந்நகரில் வாழும் சவுல் லுசியானோ லியூயா என்னும் விவசாயி, மலையேறுவோருக்கு வழிகாட்டியாகவும் உழைப்பவர். அவர் 2015இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து நீதிமன்றத்தில் ஆர்.டபிள்யூ.இ. என்னும் மின்சார நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். உலகத் தொழில்கள் வெளியிட்ட வெப்ப வாயுக்களில் அந்நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்று ஓர் ஆய்வு கணித்திருந்தது. ஏரியால் நேரக்கூடிய அழிவைத் தடுக்க ஆகும் செலவில் அந்த 0.47 சதவீதத்தை மட்டும், அதாவது ஏறத்தாழ 17,000 யூரோவை, அந்நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. இதைவிட அளவான ஒரு நியாயத்தை நாம் கேட்டதுண்டா?

நிறுவனத்தின் மறுமொழியையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். புகை வெளியிட்டோர் கணக்கற்றவர். எவர் புகை எந்தப் பனியை உருக்கியது என்று யார் பிரித்துக் காட்ட முடியும்? இது அரசுகள் கூடித் தீர்க்க வேண்டிய விஷயம். ஒருவரை மட்டும் கூண்டில் நிறுத்துவது தகாது என்றது அது. இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாம் ஒவ்வொருவரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதும் இதுதானே!

'எல்லோரும் செய்தது' என்பது 'யாரும் செய்யாதது' ஆகிவிடுமா? உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் பலர் கூடி ஒருவரைக் கொன்ற வழக்கு வந்தது. ஸன்ஆ நகரத்தார் அனைவரும் அதிற் கூடியிருந்தாலும் அனைவரையும் பொறுப்பாக்கியிருப்பேன் என்னும் கருத்தில் கலீஃபா அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கூட்டத்தில் கரைவதால் பொறுப்பும் கரைந்துவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

'அது கொலை, வேண்டுமென்றே செய்தது. நம் முன்னோர் நிலக்கரி எரித்தது அறியாமல் அல்லவா?' என்று கேட்கலாம். மெய்தான். ஆனால், நம் ஷரீஅத் தவறுதலாய் நேர்ந்த கொலைக்கும் தியத் என்னும் ஈட்டுத் தொகையை விதித்திருக்கிறது. எய்தவன் உள்ளத்தில் பகை இல்லை. ஆயினும் இறந்தவனின் குடும்பம் இழந்தது இழந்ததுதான். பாவம் வேறு, பொறுப்பு வேறு என்னும் இந்த நுட்பமான வேறுபாட்டை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டன.

மேலும், அறியாமை என்னும் சாக்கு எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? நிலக்கரி எரிவதால் பூமி வெப்பமாகும் என்பதை ஸ்வாந்தே அரீனியஸ் 1896லேயே கணக்கிட்டுக் காட்டினார். 1992இல் ரியோ நகரில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தமும் செய்தன. மனிதகுலம் எரித்த எரிபொருளின் கரியமில வாயுவில் பாதியளவு 1990க்குப் பின்னரே வெளியானது. ஆகவே இக்கடனில் பாதி அறியாதோர் பட்ட கடனன்று. அறிந்தோர் பட்ட கடன்.

2025 மே 28 அன்று ஹாம் நகர மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த விவசாயியின் வீட்டை வெள்ளம் அடைவதற்கான வாய்ப்பு ஒரு சதவீத அளவே என்று கண்டு, அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும், பெருமளவில் புகை வெளியிடுவோர் அதன் விளைவுகளுக்குச் சட்டப்படி பொறுப்பாகக் கூடும் என்றும், இடையிலுள்ள தொலைவு மட்டுமே அப்பொறுப்பை இல்லாததாக்காது என்றும் கூறியது. அயலார் சொத்துக்கு இடையூறு நேரும்போது துணைக்கு அழைக்கப்படும் ஜெர்மானியச் சட்டத்தின் 1004ஆம் பிரிவே இதற்கு ஆதாரம். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அண்டை வீட்டின் எல்லை கடல் கடந்து விரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பெரிய நிறுவனங்கள் பாடு, பெரிய நாடுகள் பாடு' என்று நாம் இருந்துவிட முடியாது. நம் இல்லங்களிற் பல எண்ணெய் வள நாடுகளில் உழைத்து ஈட்டிய ஊதியத்தால் எழுந்தவை. நம் பிள்ளைகளின் கல்வியும் பெண்மக்களின் திருமணங்களும் அவ்வாறே நடந்தன. அது வியர்வை சிந்திய ஹலாலான சம்பாத்தியம். அதில் நாம் நாண வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால், பூமியின் அடியிலிருந்து எடுத்து எரிக்கப்பட்டதன் நன்மை நம்மையும் அடைந்திருக்கிறது என்பதை மறப்பது நன்றிகேடாகும். நன்மையில் பங்கு உண்டெனில் பொறுப்பிலும், சிறிதேனும், பங்கு உண்டு.

எல்லார் பங்கும் சமம் என்று நாம் சொல்லவில்லை. ஏழையின் குடிசையில் எரியும் ஒற்றை விளக்கும் திருமண மண்டபத்தில் விடியவிடிய எரியும் ஆயிரம் விளக்குகளும் ஒன்றாகா. முன்னது தேவை, பின்னது இஸ்ராஃப், வீண்விரயம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு உணர்த்தினார்கள். ஆறு வற்றிவிடும் என்பதற்காகவா? இல்லை. நிறைந்திருக்கும்போதே அளவறிந்து எடுக்கப் பழகாத கை, குறையும்போது பிறர் பங்கையும் எடுத்துவிடும் என்பதற்காகவே என நாம் கருதுகிறோம்.

இறுதியாக ஓர் அச்சம். அல்லாஹ்வுக்குச் செய்யும் குறைகளை அவன் தன் கருணையால் மன்னிக்கக் கூடும். ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமையில் செய்த குறையை உரியவரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும் என்று நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. உவாராஸ் நகரத்து விவசாயியின் வாசலுக்கு நாம் சென்று எப்படிக் கேட்போம்? வற்றிப்போன ஆற்றங்கரையில் இனிமேல் பிறக்கவிருக்கும் குழந்தையிடம் யார் போய்க் கேட்பது? கேட்டுத் தீர்க்க இயலாத கடனுக்கு ஒரே வழி, அதை மேலும் வளர்க்காதிருப்பதுதான்.

நாற்பது வீடுகளுக்கு அப்பாலும் நம் அண்டை வீட்டாரைக் காணும் கண்களை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.