பால்குடி உறவும் புட்டிப்பாலும்

பெற்ற தாயின் பால் போதாமல் போகும்போது குழந்தைக்கு எந்தப் பாலைக் கொடுப்பது என்னும் கேள்வி மருத்துவருக்கு ஊட்டச்சத்தைப் பற்றியது; இஸ்லாமியச் சட்ட அறிஞருக்கோ அது உறவைப் பற்றியதும் ஆகும். ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை, அவள் வயிற்றில் பிறக்காவிட்டாலும், அவளுக்குப் பிள்ளையாகிவிடுகிறது என்பது இஸ்லாத்தின் தொடக்க காலம் முதல் நிலைத்துவரும் விதி. அரபியில் ‘ரளாஅத்’ எனப்படும் இவ்வுறவைத் தமிழ் முஸ்லிம்கள் பால்குடி உறவு என்பர். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம், மணக்கக் கூடாத பெண்களைக் குறிப்பிடும்போது, பெற்ற தாய், மகள், உடன்பிறந்தாள் ஆகியோரோடு பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் சேர்த்தே கூறுகிறது. பாலூட்டியவளின் கணவர் அக்குழந்தைக்குப் பால்குடித் தந்தை. அவளுடைய மக்கள் அதற்கு உடன்பிறந்தோர். இவர்களிடையே திருமணம் கூடாது. ஒருவர்முன் ஒருவர் திரையின்றிப் பழகலாம். ஆயினும் சொத்துரிமையோ ஒருவரை ஒருவர் பராமரிக்கும் கடமையோ இதனால் எழுவதில்லை.

இவ்விதியைத் தீட்டு, தூய்மை பற்றிய அச்சமாகப் புரிந்துகொள்வது பிழை. பிறர் பாலை இஸ்லாம் ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. நபிகள் நாயகத்துக்கே பாலூட்டியவர் ஹலீமா என்னும் செவிலித்தாய் அல்லவா? 2ஆம் அத்தியாயத்தின் 233ஆம் வசனமும், தாய் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிக் கூறி, அவளுக்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தைமீது வைத்தபின், உரிய கூலி கொடுத்து வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டச் செய்வதில் குற்றமில்லை என்கிறது. மாற்றுப்பால் கொடுக்க நேர்ந்த தாயைக் குற்றவாளியாக்க மறைநூல் இடம் தரவில்லை என்பது இங்கு அழுத்திச் சொல்லத் தக்கது. ஏனெனில் அந்தக் குற்ற உணர்வை இன்றும் எத்தனையோ தாய்மார் தனியே சுமக்கின்றனர்.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் களத்துக்குள் புதியதொரு பால் நுழைந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1865இல் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஓர் உணவின் செய்முறையை வெளியிட்டார். 1867இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சேர்ந்த குழந்தை உணவு ஒன்றை உருவாக்கினார். இன்றைய குழந்தைப் பால் பவுடர் பெரும்பாலும் பசும்பாலிலிருந்தே வருகிறது. பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின், அதாவது பால் திரியும்போது கட்டியாகும் புரதம். மீதி, தெளிந்த நீரில் நிற்கும் வே புரதம். பல வகைப் பவுடர்களில் இந்த விகிதம் தாய்ப்பாலை ஒட்டி மாற்றப்பட்டு, தாவர எண்ணெய்களும் இரும்பும் வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. சமயச் சட்டத்தின் பார்வையில் இதற்கு ஒரு தனி எளிமை உண்டு. ஒரே ஆட்டின் பாலைக் குடித்த இரு குழந்தைகள் அதனால் உடன்பிறந்தோர் ஆகார் என்று அறிஞர்கள் முன்பே முடிவு செய்திருப்பதால், புட்டியில் கரைத்த பவுடர் எவரையும் எவருக்கும் உறவாக்குவதில்லை. ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்கான சில சிறப்புப் பவுடர்களில் புரதத்தைச் சிதைக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்படுவதுண்டு என்பதால் ஹலால் முத்திரையைப் பார்ப்பது மட்டுமே பெற்றோருக்கு எஞ்சும் கவலை. அதிலும் வேறு வழியில்லாத நிலைக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

உண்மையான சிக்கல் தாய்ப்பால் வங்கியோடு வந்தது. பாலூட்டும் தாய்மார் கொடுக்கும் உபரிப் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, குளிரூட்டிச் சேமித்து, தேவைப்படும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமைப்பே இது. இந்தியாவில் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் இது தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று இயங்குகிறது. பல தாய்மாரின் பால் ஒன்றாகக் கலக்கப்படும்போது, குடித்த குழந்தைக்குத் தாய் யார், நாளை அது மணக்கக் கூடாதவர் யார் என்பதை எப்படி அறிவது? எகிப்தில் பிறந்த அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவி 1983இல் அளித்த மார்க்கத் தீர்ப்பில், மார்பில் நேரே சுவைத்துக் குடிப்பதே உறவை உண்டாக்கும் என்றும், ஐயத்தின் அடிப்படையில் தடை விதிக்க இயலாது என்றும் வாதிட்டு வங்கிகளை அனுமதித்தார். 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமியச் சட்டக் கழகமோ, பால் உறவும் இரத்த உறவைப் போன்றதே எனக் கூறி, கலப்பும் ஐயமும் நேரும் என்பதால் முஸ்லிம் நாடுகளில் அவற்றை அமைப்பதைத் தடுத்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாலும் உறவு உண்டாகும் என்பதே பெரும்பான்மைச் சட்ட மரபு ஆதலின், கழகத்தின் வாதமே வலுவானது. கர்ளாவியின் முடிவு இரக்கத்தில் பிறந்ததாயினும் அதன் சட்ட அடித்தளம் வலுக் குறைந்தது.

தமிழகத்தில் இக்கேள்விக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபையும் (மத்ஹப் என்பது சட்ட மரபு), உள்நாட்டினர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுகின்றனர். ஷாஃபி மரபில் தனித்தனியே ஐந்து முறை பால் குடித்தால்தான் உறவு உண்டாகும். ஹனஃபி மரபில் ஒருமுறை குடித்தாலே போதும். இரு பெண்களின் பால் கலந்தால் என்ன செய்வது என்பதையும் ஹனஃபி அறிஞர்கள் எட்டாம் நூற்றாண்டிலேயே விவாதித்துள்ளனர்: மிகுதியாக இருக்கும் பாலுக்குரியவளே தாய் என்றார் அபூ யூசுஃப், இருவருமே தாய்மார் என்றார் முஹம்மத் அஷ்ஷைபானி. கலந்த பால் அவர்களை அச்சுறுத்தவில்லை. உரியவர்கள் தெரிந்திருந்தால் அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

ஆகவே இவ்விதி கோருவது பாலை விலக்குவதை அன்று, பால் தந்தவளை மறவாமையை. இதை உணராமல், உறவுச் சிக்கல் வேண்டாம் என்று பவுடரிடம் ஒதுங்குவது நிறைமாதக் குழந்தைக்குப் பெரிய இழப்பைத் தராமல் போகலாம். தூய நீரில், குறித்த அளவில் கரைத்துக் கொடுத்தால் அது நன்றாகவே வளரும். குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தையின் நிலை வேறு. அதன் குடல் திசு அழுகும் கொடிய நோய், தானமாகப் பெற்ற தாய்ப்பாலைக் காட்டிலும் பவுடர் பால் கொடுக்கும்போது கூடுதலாக நேர்கிறது. தாயின் பால் கிடைக்காத அத்தகைய குழந்தைக்குத் தானப் பாலையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உயிர்காப்பதைத் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட ஒரு சட்ட மரபு, தன் பெயரால் அக்குழந்தைக்கு அபாயம் கூடுவதை ஏற்க முடியாது.

வழி அரிதானதும் அன்று. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க, கலக்காத பாலைக் கொடுக்கும் முறை குவைத்தில் நடைமுறைக்கு வந்தது. நம் வங்கிகளிலும் எந்தத் தாயின் பால் எந்தப் புட்டியில் சென்றது என்பதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு நெறியே. கொடுத்த தாயின் இசைவோடு, ஒருவர் பாலை மட்டும் ஒரு குழந்தைக்கு ஒதுக்கி, அப்பதிவைப் பெற்றோரிடம் எழுத்தில் தரும் ஏற்பாட்டைப் பற்றி ஜமாஅத் பெரியவர்களும் உலமாக்களும் பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்களும் ஊர்தோறும் கூடிப் பேசட்டும்.