வளையலுக்கு முன் ஒரு டம்ளர்

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டாயிற்று. காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, இரத்தினாவதியின் பிரசவத்துக்கு ஈசனே தாயாய் வந்து நின்றதாகச் சொல்லும் ஊர். வேண்டுதல் இருக்கட்டும், மகளே. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கக் குளுக்கோஸ் தண்ணீர் குடித்தாயா? அதை முதலில் சொல்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பாய். பயமே அதில்தான் இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் அடையாளமே காட்டாது. காட்டினாலும் தாகம், அசதி, அடிக்கடி சிறுநீர்; பழியைத் திருச்சி வெயில் மேலும் மாசத்தின் மேலும் போட்டுவிடுவோம். வயிறு மாதத்தை மீறித் தெரிந்தால், "பிள்ளை நல்ல புஷ்டி" என்று திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். அது சர்க்கரை கொடுத்த புஷ்டியாகவும் இருக்கலாம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் உன் இன்சுலினை மட்டுப்படுத்தும். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை பிள்ளைக்கும் போகும். அது தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து கொழுக்கும். பிறக்கும்போது தோள் சிக்கலாம். கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், பிள்ளையின் இன்சுலின் உடனே அடங்காது. பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும்.

பரிசோதனை இதுதான்: 300 மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ். தித்திப்பு தொண்டையைக் கவ்வும், மெதுவாகக் குடி. அரைமணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரைதான். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை இது. பஸ் ஏறி வரும் பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினியோடு வா என்றால் மறுமுறை வருவாளா?

டாக்டரிடம் முதல் முறை போகும்போதே பார்த்துவிடு. சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார். ஏழாம் மாத வளைகாப்பும் அதை ஒட்டித்தான் வரும். மாமியாரே, "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைக்கும் முன் ரிசல்ட்டைக் கேளுங்கள். சர்க்கரை என்று வந்தாலும் பதற வேண்டாம். சாப்பாட்டை மாற்றி, டாக்டர் சொன்னபடி நடந்தாலே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் பிள்ளைக்கு ஆகாது என்பது வெறும் பேச்சு. அந்த ஊசி மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை.

பெற்றதோடு விட்டுவிடாதே. ஆறு வாரம் கழித்து மறுபடி அதே டம்ளர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைக்கு வாழைத்தாரோடு ஏறப்போகிறாயே, அதற்கு முன்னால் குடித்துவிடு.