நிலவறையில் வைக்க முடியாத செல்வம்

நவராத்திரி நெருங்கும்போது ஆண்டுதோறும் மூன்று தெய்வங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன: பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. களியக்காவிளையில் எல்லையைத் தாண்டும்போது காவலர்கள் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். சரஸ்வதி கிழக்கேகோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் பூஜை கொண்டுவிட்டு வந்த வழியே ஊர் திரும்புகிறாள். 1956 நவம்பர் 1 அன்று அவற்றின் ஊர்கள் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. அந்தச் சரஸ்வதி குடியிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையே ஒரு வேடிக்கைதான்: நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மண் ஒருவருக்கு, பொறுப்பு இன்னொருவருக்கு. இதில் எவருக்கும் பெரிய குழப்பம் இருப்பதாகத் தெரியவில்லை. இதே எல்லையை மழையும் காற்றும் மின்சாரமும் கடக்கும்போதுதான் எங்களுடையது, உங்களுடையது என்ற கணக்கு எழுகிறது. நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாற வேண்டிய இந்தக் காலத்தில் அந்தக் கணக்கை மின்வாரியங்களின் வரவு செலவுப் பேரேட்டோடு விட்டுவிட முடியாது. காற்று யாருடைய சொத்து என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அது சமயம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

முதலில் காற்று செய்கிற காரியத்தைப் பார்க்கலாம். ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, சுமந்துவந்த ஈரத்தைக் கேரளத்தில் இறக்கிவைக்கிறது. 1976-இல் தொடங்கிவைக்கப்பட்ட 780 மெகாவாட் இடுக்கி மின்நிலையத்துக்கு உயிர் அந்த மழைதான். ஈரத்தை இழந்த அதே காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களில் நெருக்குண்டு வேகமெடுத்து, உடுமலைப் பக்கத்திலும் தென்காசி, கயத்தாறு வட்டாரத்திலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அவை பெரும்பாலும் உழைப்பது மே முதல் செப்டம்பர் வரை. ஆக, கேரளத்தின் நீர்மின்சாரமும் தமிழகத்தின் காற்று மின்சாரமும் ஒரே வரவு. இரண்டு பாத்திரங்களில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழி ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். மதில் கட்டி, பீரங்கி வைத்துக் காத்த அந்த வழியாகத்தான் 1809-இல் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயப் படை உள்ளே வந்தது. படைக்கு எதிர்த்திசையில், அந்த மதிலைச் சற்றும் மதியாமல், ஆண்டுதோறும் தென்மேற்குக் காற்று வெளியே போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஒரே வரவு என்றால் உரிமை யாருக்கு? இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிழக்கேகோட்டையிலேயே இருக்கிறது. 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டை அங்கே கோயில்கொண்ட பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, உடைவாளைச் சன்னிதியில் வைத்து, பத்மநாபதாசன் என்ற பெயரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திருப்படித்தானம் என்று வழங்கும் அந்தச் செயலில் அரசியல் சாமர்த்தியம் நிறையவே இருந்தது. ஆனால் அதற்குள் இருந்த கருத்து அவர் கண்டுபிடித்ததில்லை. உயிரும் உலகமும் இறைவனின் உடைமை, நாம் அவற்றை வைத்துப் பராமரிப்பவர்கள் என்ற சேஷத்துவக் கொள்கை வைணவத்தின் மூலாதாரம். 1937 ஜனவரியில் திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்த காந்தி, ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரத்தை எடுத்துக்கொண்டு இதையே மக்களிடம் விளக்கினார். தருமகர்த்தா என்ற தன் பொருளாதாரக் கொள்கையின் வேரையும் அவர் அந்த மந்திரத்தில்தான் கண்டார். கடவுளை ஏற்காதவரும் இந்தக் கருத்தின் உலகியல் பாதியை ஏற்கலாம். எவரும் உழைத்து உண்டாக்காத ஒன்றை முழுச்சொந்தம் என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது என்பதே அந்தப் பாதி. அணையும் காற்றாடியும் கம்பியும் மனித உழைப்பு. அவற்றுக்குக் கூலியும் விலையும் உண்டு. மழைக்கும் காற்றுக்கும் கிடையாது. நம் அரசியல் சாசனம்கூட மின்சாரத்தை மத்திய அரசுக்கோ மாநிலங்களுக்கோ தனியாகக் கொடுக்காமல் பொதுப்பட்டியலில் வைத்திருக்கிறது.

இங்கே மின்சாரத்தின் இயல்பைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2011-இல் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது உலகமே வாயைப் பிளந்தது. பொன்னும் மணியும் எத்தனை தலைமுறை இருட்டில் கிடந்தாலும் பொன்னும் மணியுமாகவே இருக்கும். மின்சாரம் அப்படியில்லை. ஆக்கும் அளவும் செலவாகும் அளவும் ஒவ்வொரு கணமும் சரியாக நிற்க வேண்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அந்தச் சமநிலையின் நாடித்துடிப்பு. ஆடி மாதத்து நள்ளிரவில் ஊர் தூங்கும்போது காற்று மட்டும் தூங்குவதில்லை. வாங்க ஆளில்லாத நேரங்களில் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லித் தமிழகத்தில் உத்தரவு வருவதும், உரிமையாளர்கள் அதை எதிர்த்து வழக்காடுவதும் பழைய கதை. நிறுத்திய நேரத்தில் வீசிய காற்று போனது போனதுதான். எந்த நிலவறையிலும் அதைப் பூட்டிவைக்க முடியாது. பேட்டரிகள் வருகின்றன, விலையும் இறங்குகிறது. ஆனால் ஒரு பருவத்தின் காற்றை அடுத்த பருவத்துக்குச் சேர்த்துவைக்கும் பேட்டரி நம்மிடம் இல்லை.

வைத்துக்கொள்ள முடியாததைக் கொடுப்பதில் என்ன தருமம் இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மீந்துபோன சோற்றைப் போடுவதைத் தானம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது. காற்றைச் சேமிக்க முடியாது; அணைநீரைச் சேமிக்க முடியும். தமிழகத்தின் காற்று மிகும் இரவில் கேரளம் அதை வாங்கிக்கொண்டு, இடுக்கியின் மதகை மூடி நீரைத் தேக்கிவைத்து, காற்று ஓய்ந்த பின் ஒரு மாலையில் அண்டை மாநிலத்துக்காகவும் திறந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கொடுப்பது வைத்துக்கொள்ள முடியாத பொருள்; மற்றவர் கொடுப்பது வைத்துக்கொள்ளக்கூடிய பொருள். மனவலிமை தேவைப்படுவது இரண்டாமவருக்கு. கேரளத்தின் எல்லா நீர்த்தேக்கங்களும் நிரம்பினால் கிடைப்பது 4,100 மில்லியன் யூனிட்டுக்குச் சற்று மேல். கோடையில் அந்த மாநிலம் ஒரு நாளைக்கு 100 மில்லியன் யூனிட்டுக்குமேல் செலவழிக்கிறது. நாற்பது நாள் இருப்பை வைத்துக்கொண்டிருப்பவரிடம் பங்கு கேட்பது எளிதான கேள்வியன்று. ஆகவே தமிழகம் கொடுக்கும் காற்றுக்கு அடிமாட்டு விலையும், கேரளம் தேக்கித் தரும் நீருக்கு உயர்ந்த விலையும் இருப்பது நியாயம். இதைத் தமிழகத் தரப்பு ஒப்புக்கொண்டால்தான் பேச்சே தொடங்கும்.

விலை வந்துவிட்டால் அது வணிகம்தானே, இதில் அறம் எங்கே? வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது இங்கே உதவும். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற சாய்வு அதில் இருந்தே தீரும். ஒப்புரவு வேறு, ஊரில் வாழ்வதற்கான ஒழுங்கு அது. அந்த அதிகாரத்தை அவர் மழையைக் காட்டித் தொடங்கி, ஊருணிக்கும் பயன்மரத்துக்கும் கொண்டுபோகிறார். வணிகத்தில் பேரம் முடிந்தால் உறவு முடிந்தது. நம் வீடுகளில் அரிசியும் சர்க்கரையும் கைமாற்றாகப் போய்வருவதில் உறவு முடிவதில்லை. கேரள மின்வாரியம் இதை ஏற்கெனவே தொலைதூர மாநிலங்களோடு செய்துவருகிறது: கோடையில் மின்சாரத்தைக் கைமாற்றாக வாங்கி, மழைக்காலத்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பிக் கொடுக்கிறது. வடமாநிலங்களோடு முடிகிற காரியம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு ஏன் இன்னும் பெரிய அளவில் நடக்கக் கூடாது? வழி இல்லை என்று சொல்ல முடியாது. திருநெல்வேலியிலிருந்து இடமண் வழியாகக் கொச்சிக்குப் போகும் 400 கிலோவோல்ட் பாதை 2019-இல் முடிந்தது. புகலூருக்கும் திருச்சூருக்கும் இடையே 2,000 மெகாவாட் நேர்மின் பாதை 2021-இல் திறக்கப்பட்டது. கம்பி இருக்கிறது. மனம்தான் இன்னும் முல்லைப்பெரியாற்றில் நிற்கிறது.

முல்லைப்பெரியாறு சும்மா வந்த பெயரில்லை. அந்த அணைக்காகவும் அதன் நீருக்காகவும் 1886-இல் 999 ஆண்டுக் குத்தகையாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் இரண்டு மாநிலங்களின் உறவை எவ்வளவு கசப்பாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. தண்ணீரில் இவ்வளவு பட்ட பிறகு மின்சாரத்திலும் ஏன் பிணைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவரை அற்பமாக எண்ணக் கூடாது. ஆனால் ஆற்றுக்கு மேல்மடை, கடைமடை உண்டு. மேலே இருப்பவர் எப்போதும் மேலேதான், கீழே இருப்பவர் எப்போதும் கீழேதான். கசப்பின் பாதி அதிலிருந்தே வருகிறது. மின்தொகுப்பில் கடைமடை நேரத்துக்கு நேரம் மாறும். நண்பகலில் தமிழகத்தின் சூரியத்தகடுகள் கொடுக்கும். அந்தி விழுந்ததும் கேரளத்தின் சுரங்கவழி நீர் கொடுக்கும். ஆடியில் ஒருவர் கடனாளி, ஐப்பசியில் இன்னொருவர். கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் உறவில் ஒருவர் நிரந்தரமாக மேலே அமர முடியாது. முல்லைப்பெரியாற்றிலேயே, 1970-இல் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தின்படி, அந்த நீரில் எடுக்கும் மின்சாரத்துக்குத் தமிழகம் கேரளத்துக்குப் பணம் கட்டுகிறது. அணையின் பாதுகாப்பு பற்றிய சண்டை எவ்வளவு முற்றியபோதும் அந்த நீரில் ஓடும் கீழ்முகாம் மின்நிலையத்துக்கான இந்த ஏற்பாடு மதிக்கப்படுகிறது.

இன்னும் கடுமையான மறுப்பு 2012-இலிருந்து வருகிறது. அந்த ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியத் தொகுப்பு சரிந்து, இரண்டாம் நாள் கிழக்கையும் வடகிழக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கும் பகுதி இருண்டபோது தெற்கு தப்பித்தது. காரணம், தெற்கு அன்று அந்தத் தொகுப்போடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. தனித்திருந்தவன் பிழைத்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அடுத்த ஆண்டே, 2013 டிசம்பர் 31 அன்று, தெற்கு தானாகவே போய் இணைந்துகொண்டது. தனிமைக்கு அது கொடுத்துவந்த விலை மின்வெட்டாக ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. சேர்ந்து விழும் ஆபத்து சேர்ந்து நிற்பதன் மறுபக்கம். கட்டுப்பாடு இல்லாமல் எவராவது தம் பங்குக்குமேல் இழுக்கும்போதே அது பலிக்கிறது. கூட்டுறவு எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024 மே முதல் வாரத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை நெருங்கியது; அதே நாட்களில் தமிழகத்தின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் அரிசி தீர்ந்தால் கைமாற்றுக்கு இடமில்லை. அந்த வாரங்களுக்கு இரண்டு பேருக்குமே இன்னும் தூரத்து உறவினர் தேவை.

எனக்கு மிகவும் சங்கடமான மறுப்பு இவற்றுக்குப் பிறகு வருகிறது. தருமகர்த்தா என்ற சொல்லே ஒரு முகமூடியாகலாம். நாட்டைப் பத்மநாபனுக்கு எழுதிவைத்த 1750-இலிருந்து, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த 1936 நவம்பர் 12 வரை, தாசர்கள் ஆண்ட அந்த நாட்டில் குடிகளில் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. 186 ஆண்டுகள். எல்லாம் இறைவனுடையது என்று சொல்லிக்கொண்டே வாசலை மூடிவைக்க முடிந்திருக்கிறது. மின்சாரத்திலும் அதே ஆபத்து உண்டு. இடுக்கித் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த விவசாயிகள் 1961-இல் வெளியேற்றப்பட்டு அமராவதியில் கொண்டுபோய்த் தள்ளப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் அவர்கள் இருப்பதே வெளியே தெரிந்தது. கோபுரங்கள் நடப்பட்ட தோட்டங்களின் இழப்பீட்டுச் சண்டையில்தான் இடமண்–கொச்சிப் பாதை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இரண்டு அரசுகள் கைகுலுக்கும் இடத்தில் இவர்கள் யார் கட்சியிலும் இல்லை. தருமகர்த்தாவைச் சோதிக்க எளிய வழி, அவன் வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால் கம்பிக்கும் காற்றாடிக்கும் அணைக்கும் நிலம் கொடுத்தவருக்கு ஒரு தடவை இழப்பீடு போதாது. ஓடும் யூனிட்டில் ஓடும் பங்கு வேண்டும். அணையே கட்டாமல் விடப்பட்ட ஆறுகளையும் இந்தக் கணக்கில் எடுக்க வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையைத் தேக்கும் திட்டத்தை 1980-களில் கைவிட்டதன் மூலம் கேரளம் ஒரு காட்டைக் காத்தது. அந்த அளவுக்கு மின்சாரத்தை இழந்தது. இன்னொரு ஆற்றை அப்படியே விட்டுவிட ஆரல்வாய்மொழிக் காற்று உதவுமானால், அது இரண்டு மின்வாரியங்களின் பேரேட்டிலும் ஏறாத வரவு.

நவராத்திரி பூஜை முடிந்து, நல்லிருப்பு என்று ஒரு நாள் தங்கிவிட்டு, தெய்வங்கள் கிழக்கே திரும்பும்போது தென்மேற்குக் காற்று அடங்கியிருக்கும். முப்பந்தலில் இறக்கைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். கேரளத்து அணைகள் தென்மேற்குப் பருவமழையில் நிறைந்து, ஐப்பசியின் துலாவர்ஷ மழைக்குக் காத்திருக்கும். கொடுக்கும் முறை அப்போது கேரளத்துடையது.