தலைவன் தப்பு செய்யும்போது...

பி.காம். புத்தி எங்கே போனாலும் ரேட்டைத்தான் முதலில் பார்க்கும். லேவியராகமம் 4-ம் அதிகாரத்தில் அப்படி ஒரு பட்டியல். தெரியாமல் செய்த பாவத்துக்கு ஆசாரியன் காளை கொடுக்கணும். தலைவன் வெள்ளாட்டுக் கடா. சாமானியன் பெண் ஆடு. அடுத்த அதிகாரத்தில் சில பாவங்களுக்கு ஏழைக்குச் சலுகை: இரண்டு புறா, அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் மாவு.

சரி, ஆடு செத்தால் தப்பு எப்படி நேராகும்? ரொம்ப நாளாகவே எனக்குக் குழப்பம்.

எபிரேய மூலத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் 'பாவம் செய்தால்'. தலைவனுக்கு மட்டும் 'செய்யும்போது'. செய்வான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்! அதிகாரம் கையில் இருந்தால் தப்பும் கூடவே வரும். அதனால், அவனே ஆட்டைக் கொண்டுவந்து அதன் தலையில் தன் கையை வைக்கணும். கஷ்டமே அங்கேதான். ஆட்டின் விலை தலைவனுக்கு ஒரு பொருட்டா என்ன?

தன் தப்புக்குப் பலி கொண்டுவரும் தலைவன் வாய்த்த தலைமுறை பாக்கியசாலி என்றார் முதல் நூற்றாண்டு ரபி யோகனான் பென் சக்காய். கி.பி. 70-ல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள், பலி நின்றது. ஜெபமும் மனந்திரும்புதலும் அந்த இடத்துக்கு வந்தன.

அதாவது, இப்போது 'தப்பு என்னுதுதான்' என்று மனசார ஒப்புக்கொண்டு திருந்தினால் போதும். மாவைவிட மலிவு. ஆனாலும் கடாவைவிடக் கனமாக இருக்கிறதே, ஏன்?