மீனும் உப்பும்

கடல் மீனைக் குழம்பு வைக்கையில் உப்பிடாது விடும் இல்லம் உண்டோ? பிறந்தது முதல் உப்பு நீரிலே வாழ்ந்த உயிருக்கு உப்பேறாதது ஏன்? கூலிம் சந்தையில் மீன் வாங்கும் அன்பர்கள் சிறிது சிந்திப்பார்களாக.

மலாய்க்காரர் சியாகாப் என்றழைக்கும் கொடுவா மீன், கழிமுகத்தருகே பிறந்து, குஞ்சாக ஆற்றேறி, நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல்நோக்கித் திரும்பும் இயல்புடையது. மெர்போக் கழிமுகத்தில் அதனைக் கூண்டுகளிலும் வளர்க்கின்றனர். கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. ஆற்று நீரிலோ அரைக் கிராமும் இல்லை. அம்மீனின் குருதியில் உள்ளது கடலுப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. எந்நீரிற் புகினும் அந்த அளவு பெரிதும் மாறுவதில்லை.

இது தானே நிகழ்வதன்று. ஆற்றில் நீர் உடலுட் புகுந்தவண்ணம் இருக்கும். உப்புக் கசிந்தவண்ணம் இருக்கும். மீன் மிகுந்த நீரைச் சிறுநீராகத் தள்ளி, செவுளால் உப்பை ஈர்த்துக்கொள்ளும். கடலிலோ உடல்நீர் வற்றும். ஆகவே கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்வழி வெளியேற்றும். விலாங்கின் செவுளில் இவ்வேலை செய்யும் உயிரணுக்களை 1932இல் கீஸ், வில்மர் என்னும் அறிஞர் இருவர் விவரித்தனர். உண்ட உணவின் ஆற்றலைச் செலவிட்டே இது நடைபெறுகிறது. தோட்டத்தில் வரவு செலவு எழுதும் கிராணியாகிய நாமும் இத்துணை ஓயாத கணக்கை எழுதியதில்லை!

'வந்த நாட்டில் முற்றும் கரைந்துவிடுக' என்பார் சிலர். 'முன்னோர் கொணர்ந்த எதையும் விடாதே. புறத்தாரிடம் எதையும் ஏலாதே' என்பார் வேறு சிலர். மீன் கரையவுமில்லை, கதவடைக்கவுமில்லை. அது ஓயாது உழைத்துத் தன் நிலை காக்கிறது.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், தமிழ் வீட்டில் பேசப்பட்டால் தானே நிற்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். பாட்டியின் பழைய கடிதமொன்றை எழுத்துக்கூட்டவும் இயலாது நம் மகன் நின்ற அன்றுதான், கசிந்தது எவ்வளவு என்பது விளங்கிற்று.

ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று மீன் ஆராய்வதில்லை. அதன் உடலே அதனைச் செய்துவிடும். மனிதர்க்கோ பகுத்தறிவே செவுள். கப்பலேறி வந்தவற்றுள் தாய்மொழியும் உண்டு, சாதியும் உண்டு. இரண்டையும் 'நம்முடையது' என்று ஒரே பெட்டியிற் பூட்டிவைத்தல் முறையாமோ? முன்னதை நாடோறும் முயன்று ஈர்த்தல் வேண்டும்; பின்னதை நாடோறும் முயன்று வெளியேற்றல் வேண்டும்.

செத்த மீனின் செவுளுக்கு வேலையில்லை. உப்பு அதன்மேல் தடையின்றி ஏறும். அதற்குப் பெயர் கருவாடு.