ஒப்பாரியும் ஒரு மருந்தோ?

சாவு வீட்டில் ஒப்பாரி எழும்பியதும், படித்த நம்மவர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இதென்ன பட்டிக்காட்டுக் கூச்சல்! அமைதியாய்ச் செபிக்கலாகாதா?" என்கிறார்கள். இது நியாயந்தானா என்று சற்றே சிந்திப்போம்.

திண்டிவனம், விழுப்புரம் சுற்றுக் கிராமங்களில் நடப்பதைப் பாருங்கள். கணவனை இழந்தவள் வாயடைத்துக் கிடக்கிறாள். அண்டை அயல் பெண்கள் வந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு பாடுகிறார்கள். பாட்டு அவள் நெஞ்சைத் தொட, அவளும் கதறுகிறாள். வந்தவர்களோ தங்கள் வீட்டில் மாண்டவரையும் நினைத்தே அழுகிறார்கள். ஒருத்தியின் துக்கம் ஊராரின் துக்கமாகிறது. இப்பகுதியில் பாரதக் கூத்தின் முடிவில், படுகளத்தில் துரியோதனனுக்கும் அழ அவன் மனைவி வருகிறாள். அழ ஆளில்லாதவன் எவனும் இருக்கலாகாது என்பதன்றோ இதன் பொருள்?

அயர்லாந்திலும் பிணத்தருகே பெண்கள் புலம்பிப் பாடும் வழக்கம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு முதல் திருச்சபையின் ஆயர்களே அதைக் கண்டித்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய மறைந்தது. ஆனால் லாசரின் கல்லறையருகே சேசுநாதர் கண்ணீர் விட்டார். தபசு காலத்தில் தேவமாதாவின் வியாகுலங்களை நாமும் புலம்பலாய்ப் பாடுகிறோம். பாட்டாய் அழுவது பாவமானால், இதை என்னென்பது?

கலைகள் நோயைத் தடுக்கவும், மனத்துயரைத் தணிக்கவும் உதவுகின்றன என்று, 3,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் அறிக்கை வெளியிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில், நெடுநாள் ஆறாத துக்கமும் ஒரு நோயாகச் சேர்ந்துள்ளது.

ஆகையால் ஒப்பாரி போதும், வைத்தியர் வேண்டாம் என்பதல்ல. மாதங்கள் பல சென்றும் உண்ணாமல், உறங்காமல், சாவையே நாடுகிறவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும். ஆனால் மருந்துச் சீட்டு எழுத வைத்தியர் உண்டு. துணைக்கு உட்கார்ந்து அழ நாமன்றி யாருண்டு?

2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில், அழ ஆளின்றி அடக்கமானவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டாரில் சிலர் அந்த அழாத அழுகையை இன்னும் சுமக்கிறார்கள்.

சாவு வீட்டில் குடியும் ஆடம்பரமும் தள்ளத்தக்கவையே; கண்ணீர் அப்படியல்ல. அடுத்த முறை ஒரு தாய் அழும்போது, "போதும், நிறுத்து" என்னாமல் அருகே உட்காருங்கள். பாடத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. அவள் கையைப் பற்றியிருந்தால் போதும்.